குப்பத்துக்கு வந்த அஞ்சலட்டை

நம் செட்டில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்காதவர்கள் குறைவு. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். நான்காவது நிமிடம் ஒரு மணி, ஐந்தாவது நிமிடம் இரண்டு மணி. தேசத் தலைவர் ஒருவரின் வாழ்வும் பணியும் என்று வீட்டில் யாரோ எழுதிக்கொடுத்ததைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு இறங்கியிருப்போம். இறங்கிய பிறகு அந்தத் தலைவரை அடுத்த வருஷம் வரை நினைத்திருக்க மாட்டோம். எனக்கு மட்டும் அப்படி முடியாமல் போய்விட்டது.

எந்தத் தலைவர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாடப்புத்தகத்தில் பார்த்த படம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும், நான் சொல்வது காதில் விழாது. சுதந்திரத்துக்கு முன்பே இறந்துபோனவர். வக்கீல் படிப்பு படித்து, கோர்ட்டுக்குப் போவதை ஒரே நாளில் விட்டவர். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டவர். பூர்வீக நிலத்தை விற்றுப் பெண்களுக்கு இரண்டு பள்ளிக்கூடம் திறந்தவர். நான்கு தடவை ஜெயில். இவ்வளவும் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த பேச்சின் முதல் இரண்டு நிமிடம்.

சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் ஆன ஆண்டு அது. செங்கல்பட்டில் நான் எட்டாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடத்தில் அப்பா எழுத்தர். எட்டு வருஷமாகியும் அந்த வேலை நிரந்தரம் ஆகவில்லை. தாளாளர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினால்தான் அரசாங்கச் சம்பளம் வரும். ஒவ்வொரு ஜூன் மாதமும் கையெழுத்து ஆகிவிடும் என்பார்கள், ஆகாது. அம்மா ஜாக்கெட் தைத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் வாசனை இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு தின்றதாக எனக்கு நினைவே இல்லை.

பள்ளிக்கூடம் கட்டியது தாளாளருடைய தாத்தா. அலுவலக அறையில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கும். தாளாளர் வீட்டு வாசற்படியில் தலைவர் நிற்கிறார், பக்கத்தில் தாத்தா, இருவருக்கும் மாலை. கீழே பித்தளைத் தகட்டில், தலைவர் மூன்று நாள் இந்த இல்லத்தில் தங்கியிருந்தார் என்று பொறித்திருக்கும். அந்த வருஷம் தலைவரின் பிறந்த நாளுக்குப் பெரிய விழா, சப் கலெக்டர் வருகிறார் என்றார்கள். விழாவில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு, குரல் எடுப்பாக இருக்கிறது என்று எட்டாம் வகுப்பிலிருந்து என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சின் மூன்றாவது நிமிடத்தில் அந்த மூன்று நாள் கதை வந்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

நான் மொட்டை மாடிப் படிக்கட்டில் நின்று கத்திக் கத்திப் பழகுவேன். எங்கள் தெருவுக்கு மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்கார அக்கா வருவாள். முதல் பஸ்ஸில் கூடையோடு ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் இருப்பாள். நாற்பது வயதிருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் கல் வைத்த மூக்குத்தி. ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தவள், நான் மூன்றாவது நிமிடத்துக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா சொல்ற? அவுரு எங்க தங்குனாரு?"

"தாளாளர் வீட்ல. மூணு நாள்."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை. "அந்த வூட்ல வாசப்படிதான் மிதிச்சாரு. போலீசு தொரத்திகினு வந்தப்ப, உடம்பு நெருப்பா காயிது, அந்த வூட்டுக் கதவையே தட்டிகினு நின்னாராம். தொறக்கல. அப்பால எங்க குப்பத்துலதான் பதினோரு நாளு கெடந்தாரு. எங்க மாமனாருக்கு அப்பாதான் அப்ப ஊருக்கு நாட்டாரு, பஞ்சாயத்தெல்லாம் அவுருதான். அவுருக்குத் தலைவரு கைப்பட எழுதுன அட்டை இன்னும் எங்க வூட்ல கீது."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டார். "அட்டையா? என்ன அட்டைம்மா?"

"தபால் அட்டை சார். சீலு குத்தி வந்தது."

அப்பாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்ததுபோல் பிறகு நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதி எழுதித் தேய்ந்த மனிதர். பழைய எழுத்து என்றால் உயிரை விடுவார். அடுத்த நாள் ஞாயிறு. என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. மாமல்லபுரத்தில் இறங்கி, சிற்பக் கூடங்களின் உளிச் சத்தத்துக்கு நடுவே வெள்ளைத் தூசியில் நடந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் குப்பம். அக்கா எதிரே வந்து எங்களைக் கூட்டிப் போனாள். தோப்புக்கும் குப்பத்துக்கும் நடுவில் புதிதாகக் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். கம்பி ஒரு கிணற்றுக்கு இந்தப் பக்கமாகப் போயிற்று. பெண்கள் குடத்தைக் கம்பிக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள்.

"இது இன்னாக்கா?" என்றேன். அவள் பேச்சு எனக்கு அதற்குள் தொற்றிக்கொண்டது.

"ஓட்டல் வருதாம். தோப்பு உங்க தாளாளருதுதான். கெணறும் மனையும் அவுருதாம், நாங்க எல்லாம் அவுங்க அப்பா காலத்துல வந்து குந்துனவங்களாம். காலி பண்ணுன்னு நோட்டீஸ் வுட்டுக்கீறாங்க. பட்டா இல்ல. தாலுக்கா ஆபீஸ்ல வெசாரணை வச்சிக்கீறாங்க, இன்னும் நாலு வாரம். காயிதம் எதுனா இருந்தா எட்டாந்து காட்டுன்னாங்க. எங்ககிட்ட இன்னா காயிதம் கீது? இது ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்ததும் பவுடர் டப்பாவிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். வெளுத்து, தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் ஒரு பூச்சி அரைவட்டமாகத் தின்றிருந்தது. கறுப்பு மையில் நெருக்கமான எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகவரிப் பக்கத்தில் குப்பத்தின் பெயரும் நாட்டாரின் பெயரும் இருந்தன. தபால் முத்திரையில் வருஷம் தெரிந்தது. தாளாளருடைய அப்பா அப்போது கைக்குழந்தையாகக்கூட இருந்திருக்க மாட்டார் என்று அப்பா கணக்குப் போட்டார்.

அப்பா அதை வாய்விட்டு மூன்று தடவை படித்தார். முதல் தடவை எழுத்துக்கூட்டி. இரண்டாம் தடவை தடங்கலில்லாமல். மூன்றாம் தடவை, அக்காவின் கணவரும் சுற்றி நின்றவர்களும் கேட்டதற்காக, சத்தமாக. எனக்கு ஒரு தடவை கேட்டால் பாட்டே மனப்பாடம் ஆகிவிடும் வயது. மூன்றாம் தடவை அப்பாவோடு கூடவே என் உதடும் அசைந்தது.

"இதை நான் எடுத்துப் போகட்டுமா?" என்று அப்பா கேட்டார். "ஜெராக்ஸ் எடுத்து, நான் தெளிவா ஒரு பிரதி எழுதி, கெஜட்டட் ஆபீசர்கிட்ட அட்டஸ்டேஷன் வாங்கித் தரேன். விசாரணைக்கு அப்பதான் நிக்கும்."

அக்காவின் கணவருக்கு விருப்பமில்லை. வலையை மடியில் போட்டுக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னாள்: "எய்தப் படிக்கத் தெரிஞ்சவுரு கையில கீறது நல்லதுதான். எடுத்துனு போங்க சார்."

திங்கட்கிழமை காலை அப்பா சீக்கிரமே கிளம்பினார். ஜெராக்ஸ் கடை திறந்திருக்கவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். தாளாளர் அன்றைக்கு முன்னதாகவே வந்திருந்தார். அப்பா நேராக அவர் அறைக்குப் போய், தலைவர் கைப்பட எழுதியது என்று அட்டையை மேசைமேல் வைத்துவிட்டார்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் அன்று மாலை கோபம்தான் வந்தது. அட்டையில் எழுதியிருப்பது யாருக்கு எதிரானது என்று எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லையா? ஆனால் அப்பாவின் கணக்கு வேறு. வருஷா வருஷம் தலைவர் படத்துக்கு மாலை போட்டு, கண்ணில் நீர் தளும்பப் பேசுகிற மனிதர், தலைவரின் கையெழுத்தைப் பார்த்தால் வேலியைத் தானாகவே பிடுங்கிவிடுவார் என்று அப்பா உண்மையிலேயே நம்பினார்.

"ரொம்ப நேரம் கையில வச்சுப் பார்த்தார்டி," என்று அம்மாவிடம் சொன்னார். "கலெக்டர்கிட்டயே அட்டெஸ்ட் வாங்கித் தரேன், இங்கேயே இருக்கட்டும்னுட்டார்."

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

புதன்கிழமை அக்கா வந்தாள். "அட்டை இன்னா ஆச்சி சார்?"

"கலெக்டர் கையெழுத்துக்குப் போயிருக்கும்மா."

வெள்ளிக்கிழமையும் வந்தாள், அதே கேள்வி. அடுத்த வாரம் அப்பா தாளாளரிடம் கேட்டார். டெல்லியில் ஒரு நண்பருக்குக் காட்ட அனுப்பியிருப்பதாகப் பதில். அதற்கடுத்த வாரம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை தாளாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த அட்டை?" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை, இலைகூட அசையவில்லை.

அக்கா வரும் நாட்களில் அம்மா கதவைச் சாத்தத் தொடங்கினாள். நான் சன்னலுக்குக் கீழே குந்தியிருப்பேன். அவள் கூடையை இறக்கும் சத்தம் கேட்கும். "யம்மா, மீனு வோணாம்னா வுடு, சாரு கீறாரா சொல்லு," என்பாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு கூடையைத் தூக்கும்போது வருகிற மூச்சுச் சத்தம். மீன் வாசனை மட்டும் வாசலில் அரை மணி நேரம் நிற்கும். ஒரு தடவை கூட அவள் சத்தம் போட்டதில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பும் நேரத்தில், உள்ளே அப்பா மெதுவாகச் சொல்வது கேட்டது.

"போஸ்ட் அப்ரூவல் பேப்பர் ரெடியா வச்சிருக்காராம். விழா முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுடறேன்னார்."

அம்மா கேட்டாள்: "அப்போ அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் சொல்றது?"

மிஷின் மறுபடி ஓடும் சத்தம்தான் வந்தது. நான் குடத்தைக் கீழே வைத்தேன். எட்டு வருஷம் காத்திருந்த கையெழுத்து. அட்டையை இவரே விற்றுவிட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நாம் எவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் அக்கா தெருமுனையில் திரும்புவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தேன். "அக்கா, நாளைக்கு எங்க ஸ்கூல்ல விழா. சப் கலெக்டர் வராங்க. நீங்க வாங்க."

"நான் எதுக்கு பாப்பா? இன்னா பண்ணப் போறேன் அங்க?"

"வாங்கக்கா. நீங்க மட்டும் இல்ல, இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது.

விழா அன்று காலை, அப்பா பேச்சுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். மூன்றாவது நிமிடத்தில் மூன்று நாள் கதை அப்படியே இருந்தது.

"இதுல இருக்கறதை மட்டும் சொல்லு," என்றார். "மத்ததை நான் பார்த்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பந்தல் போட்டிருந்தார்கள். வானம் ஈயத் தட்டுபோலக் கனத்திருந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். மேடையில் தாளாளர், சப் கலெக்டர், தலைமையாசிரியை. சப் கலெக்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண், பருத்திப் புடவை, கையில் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். பக்கவாட்டில் மைக்செட் அண்ணன் தன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் அவர்தான். அப்பா அவர் பக்கத்தில், வரவேற்புத் தட்டுகளுக்குப் பொறுப்பாக நின்றிருந்தார்.

கூட்டத்தின் பின்னால், தண்ணீர்க் குழாயை ஒட்டிய சுவரோரம் ஆறு பெண்கள் நின்றிருப்பதைப் பார்த்தேன். அக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல் ஊதா நிறப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் இரண்டு நிமிடம் பழகியபடியே போயிற்று. வக்கீல் படிப்பு, ரயில், பள்ளிக்கூடம், ஜெயில். தாளாளர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அத்தகைய பெருமகனார் நம் செங்கல்பட்டு மண்ணில்" என்ற இடம் வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, முன்வரிசை டீச்சர் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். தூரத்தில் இடி உறுமியது. நான் காகிதத்தை மடித்தேன்.

"தலைவர் நம் பக்கத்துக் குப்பத்துக்கு ஒரு அஞ்சலட்டை எழுதியிருக்கிறார்," என்றேன். "அதை நான் பார்த்தேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன்."

என் குரல் ஒலிபெருக்கியில் போய் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நான் சொன்னேன்:

"அன்புள்ள நாட்டாருக்கு. விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தேன். உடம்பு தேறிவிட்டது. நகரத்தில் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டவருடைய வீட்டில், நான் காய்ச்சலோடு போய் நின்றபோது கதவு திறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. போலீசுக்கு எல்லோரும்தான் பயப்படுகிறார்கள். உங்கள் குப்பத்திலும் பயந்தார்கள். பயந்துகொண்டே பதினோரு நாள் எனக்குக் கஞ்சி கொடுத்தார்கள்."

தாளாளருடைய சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. அவர் வலது கை நாற்காலிக் கையிலிருந்து எழுந்து, பக்கவாட்டில் யாருக்கோ ஏதோ சைகை காட்டியது. தலைமையாசிரியை பாதி எழுந்து, பிறகு சப் கலெக்டரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இப்போது மைக் செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன்.

"நாற்பது வீடு உள்ள ஊரில் ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சுயராஜ்யம் வந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சவுக்குத் தோப்பு ஓரம் இருக்கும் உங்கள் கிணற்றுக்கு முதலில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். அதற்கு நானே வந்து மண் சுமக்கிறேன். இப்படிக்கு."

மைக் சாகவில்லை. கடைசிச் சொல் வரை ஒலித்தது. பெயரைச் சொல்லி முடித்தபோது கைதட்டல் ஒன்றும் வரவில்லை. சுவரோரம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சப் கலெக்டர் பேனாவைத் திருகுவதை நிறுத்தினார். மைக் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அந்த அட்டை இப்போ எங்கம்மா இருக்கு?"

"தாளாளர் ஐயாகிட்ட இருக்கு மேடம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கெட்டிக்காரர். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "ஆமாம் மேடம். பூச்சி அரிச்சுட்டிருந்தது. கண்ணாடி போட்டு, பள்ளியிலேயே வைக்கலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்," என்றார்.

"நல்லது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள என் ஆபீசுக்கு அனுப்பிடுங்க," என்றார் சப் கலெக்டர். குரல் உயரவில்லை. "அந்தக் கிணறு இப்பவும் இருக்கா?"

"கீது மேடம்," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கம்பிக்கு அந்தாண்ட கீது."

அப்போதுதான் மழை பிடித்தது. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். பரிசு மறுநாள் கொடுத்தார்கள். முதல் பரிசு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

அன்று மழையில் நனைந்துகொண்டே அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குடை அவர் கையில் இருந்தது, விரிக்கவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அடுத்த நாள் அப்ரூவல் காகிதம் வரவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் அப்பாவுக்கு வேலையும் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. தையல் மிஷினை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததையே நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குப்பத்துக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். அட்டை அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. விசாரணையைத் தள்ளி வைத்து, சப் கலெக்டரே நேரில் வந்து கிணற்றையும் பழைய அஸ்திவாரங்களையும் அளந்தார் என்று அக்கா பின்னால் சொன்னாள். முள்கம்பி தோப்புக்குள் நகர்ந்தது. அட்டையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பட்டா மட்டும் ஆறு வருஷம் இழுத்தது. அது கைக்கு வந்த அடுத்த வருஷம் கடல் உள்ளே வந்தது. வீடுகள் போயின, பவுடர் டப்பாவும் அட்டையும் போயின. ஆனால் மனை யாருடையது என்று ஆபீஸ் பதிவில் இருந்ததால், திரும்ப அங்கேயே கட்டிக்கொள்ள விட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் கட்டிக்கொண்டார்கள். அக்கா இருந்தாள். அவள் கணவர் இல்லை.

அதற்குள் எனக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஒரு கல்யாணத்துக்காகச் செங்கல்பட்டு போனேன். சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே மைக்செட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்து, பெட்டி மட்டும் புதியதாகி இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா பாப்பா, அப்பா சொகமா?"

"சுகம்ணா."

"அவுரு மாதிரி ஆளப் பாக்க முடியாது." தட்டிலிருந்த பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு நீ பேசச் சொல்ல, ஸ்கூலு ஓனரு எனக்கு கையக் காட்றாரு, நிறுத்துன்னு. நானும் சுவிச்சாண்ட கைய கொண்டு போய்ட்டேன். எனக்கு இன்னா தெரியும்? உங்கப்பா என் கையப் புடிச்சிகினாரு. வுடவே இல்ல. ஓனரு மொறைக்கிறாரு, அவுரு ஆளுங்க ஓடியாறாங்க, இவுரு அசையல. 'கொழந்த முடிக்கட்டும்'னாரு. அவ்ளோதான் சொன்னாரு. மணிக்கட்டு செவந்து போச்சி எனக்கு."

நான் பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிட முடியவில்லை.

மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா சன்னலோரம் உட்கார்ந்து, யாருடைய புத்தகத்துக்கோ பிழை திருத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அன்னிக்கு மைக்கை நிறுத்த விடாம பிடிச்சுக்கிட்டது நீங்களாமே. ஏம்பா எங்கிட்ட சொல்லல? நீங்க என்மேல கோவமா இருக்கீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்."

அப்பா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பதில் சொல்லாமல் வேறு எதற்கோ போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வழக்கம் அது.

"கோவம் இல்ல," என்றார். "நம்பி நான் கொண்டுபோய்க் குடுத்ததை நீ மேடையில நின்னு மீட்க வேண்டியதாப் போச்சு. உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியல." மேசைமேலிருந்த தாள்களை அடுக்கிவைத்துவிட்டு, "அன்னிக்கு நீ ஒரு வரியை விட்டுட்ட," என்றார்.

"எந்த வரி?"

"கஞ்சிக்கு அப்புறம், நாற்பது வீட்டுக்கு முன்னால. நீ வேகமா போயிட்ட." அவர் கண்ணாடியைக் கழற்றினார். அட்டை அப்போது உலகத்தில் எங்குமே இல்லை. மூன்று தடவை வாய்விட்டுப் படித்தது அவருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. பிழை திருத்தும் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"'நான் படுத்திருந்த பாயை எனக்கு விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தவர் யார் என்று பதினோரு நாளும் நான் கேட்கவே இல்லை. அவரிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.'"